சொன்னதைக் கேட்டவளின் பூட்டு

மூன்று வாரங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு 0000-இல் ஆரம்பித்தோம். 0001... 0002... 0003... ஒவ்வொரு எண்ணுக்கும் பூட்டின் வளையத்தை ஒரு இழுப்பு. திறக்கவில்லையா? அடுத்த எண்.

எண்ணியது யார் தெரியுமா? எங்கள் பாடசாலையில் தரம் பதினொன்றில் படிக்கும் பதினான்கு பிள்ளைகள். அடுத்து வந்த திங்கட்கிழமை அவர்களுக்குச் சாதாரண தரப் பரீட்சை. பரீட்சைக்கு முந்திய கடைசி வெள்ளியில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் பழைய வினாத்தாள் செய்வார்கள், சந்தேகம் கேட்பார்கள், கோயிலுக்குப் போய் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுப்பார்கள். எங்கள் பிள்ளைகள் முறை வைத்துப் பூட்டுத் திருகினார்கள்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். தரம் பதினொன்றுக்கு வகுப்பாசிரியையும் நான்தான். வாரம் முழுக்கப் பிள்ளைகளைத் திட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உலகத்தைத் திட்டுவது என் வழக்கம். இந்த வாரம் திட்ட வேண்டிய ஆள் வேறு. போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் அந்த லொக்கர் கதை.

கொழும்பில் ஏதோ ஒரு பெரிய பாடசாலை. அங்கே பழைய மாணவர்கள் சேர்ந்து புது லொக்கர் வாங்கிக் கொடுத்தார்களாம். அப்படியானால் பழையதை என்ன செய்வது? இருக்கவே இருக்கிறது மலைநாடு! லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பதினாறு கதவுள்ள சாம்பல் நிற இரும்பு அலுமாரி. கதவுக்கு ஒரு நம்பர் பூட்டு. நான்கு சக்கரம், ஒவ்வொன்றிலும் பூச்சியம் முதல் ஒன்பது வரை.

எங்கள் பாடசாலைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குக் கொண்டி கிடையாது. உள்ளே ஒருத்தி போனால், வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு கொண்டி கேட்டு நாங்கள் எழுதிய கடிதங்களை மட்டும் அடுக்கினால் ஒரு ஃபைல் நிரம்பும். கொண்டி வரவில்லை... பூட்டு வந்தது. அதுவும் பதினாறு.

நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு நானும் நல்ல சேலை கட்டி, வந்தவர்களுக்கு மாலை போட்டு, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவள்தான். உண்மையைச் சொன்னால், அந்த அலுமாரி எனக்குப் பிடித்தும் இருந்தது. லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், ஒரு காகிதத்தைப் பத்திரமாக வைப்பது எவ்வளவு பாடு என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். தகரம் ஒழுகும், எலி ஓடும், அடுப்புப் புகை சுவரெல்லாம் படியும். போன வருடம் ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மழையில் ஊறிக் கூழாகிப் போனது. அதனால் பிள்ளைகளிடம் சொன்னேன்: முக்கியமான காகிதம் எதுவானாலும் வீட்டில் வைக்காதீர்கள், லொக்கரில் வையுங்கள்.

பூட்டுக்கு என்ன நம்பர் போடுவது என்று கேட்டார்கள். செத்தாலும் மறக்காத நம்பராகப் போடுங்கள் என்றேன். போட்டார்கள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. அது வகுப்பில் தினேஷிடம் இருந்தது, அவன் மைதானத்துப் பக்கம் போயிருந்தான். கவிஷா என்ற பிள்ளை எழுந்தாள். நேரே தினேஷின் லொக்கருக்குப் போனாள், நான்கு சக்கரத்தையும் திருப்பினாள், வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் தந்தாள்.

அவனுடைய நம்பர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அவங்க அம்மா நம்பர் தானே டீச்சர்” என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

தோட்டம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. கொழுந்து நிறுக்கும்போது அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டால் எந்த நம்பரின் பிள்ளை என்று கேட்பார்கள். மருந்துக்குப் போனாலும், தேயிலைத் தூள் வாங்கப் போனாலும் அதேதான். எங்கள் பிள்ளைகள் தங்கள் முழுப் பெயரை எழுதப் பழகும் முன்பே அம்மாவின் நம்பரைச் சொல்லப் பழகிவிடுகிறார்கள். செத்தாலும் மறக்காத நம்பர் போடச் சொன்னேன் அல்லவா? பதினான்கு பேரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், எல்லோருக்கும் எல்லோர் அம்மாவின் நம்பரும் மனப்பாடம். யாரும் யாருடைய லொக்கரையும் திறக்கலாம். திறந்துகொண்டும் இருந்தார்கள். ஒரு சாமானும் காணாமல் போனதில்லை.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இருபது வருடம் டீச்சராக இருந்து பாருங்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் கோபம்தான் வரும்.

ஒரு பாடவேளை முழுக்கப் பேசினேன். பூட்டு எதற்கு? தனியுரிமை என்றால் என்ன? நாளைக்கு பேங்கில் கணக்கு வைக்கும்போதும் அம்மா நம்பரைத்தான் போடுவீர்களா? எட்டடிக்குப் பத்தடிக் காம்பராவில் ஏழு பேர் படுத்தெழும் பிள்ளைகள் தனியுரிமை பற்றி நான் பேசியதை மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மற்றவர்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒவ்வொருவராக நம்பரை மாற்ற வைத்தேன். பிறந்த திகதி கூடாது. போன் நம்பர் கூடாது. அம்மா நம்பர், அப்பா நம்பர் கூடவே கூடாது. யாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு நம்பர் வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லவும் கூடாது.

அன்றைக்கே பரீட்சை அனுமதி அட்டைகளையும் கொடுத்தேன். அடையாள அட்டையோடு சேர்த்து லொக்கரில் வையுங்கள், வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். புதனும் வியாழனும் அடைமழை. பாதை சரிந்து பாடசாலை மூடிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பதின்மூன்று லொக்கர் திறந்தது. ஒன்று திறக்கவில்லை.

தர்ஷிகாவின் லொக்கர். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் பிள்ளை அப்படியே இவள்தான்: முன்வரிசை, எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல், கேட்டால் மட்டும் பேசுகிற வாய். இவளுடைய அடையாள அட்டை லேசில் கிடைத்ததல்ல. பிறப்பைப் பிந்திப் பதிந்ததால் வந்த சிக்கல். கிராம சேவகர், தோட்டத்து ஒப்பீஸ், பிரதேச செயலகம், மறுபடியும் கிராம சேவகர்... அவள் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல் எத்தனை நாள் அலைந்தார் என்று எனக்குத் தெரியும். சில நாள் கடிதம் எழுதிக் கொடுத்தது நான்தான். இந்தப் பிள்ளை இந்த முறை பரீட்சை எழுதாவிட்டால், அடுத்த வருடம் தோட்டத்தில் பேர் பதிந்துவிட வேண்டியதுதான் என்று கங்காணி வீட்டு வாசலில் வந்தே சொல்லிவிட்டுப் போயிருந்தார். மலையில் ஆள் போதாதாம். அம்மா பிடி கொடுக்கவில்லை. மகள் பரீட்சை எழுதட்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொல்லியிருந்தார்.

இப்போது அந்த அடையாள அட்டையும் அனுமதி அட்டையும் இரும்புக் கதவுக்குப் பின்னால்.

“செவ்வாக்கிழம சாயந்தரம் வரைக்கும் ஞாபகம் இருந்திச்சு டீச்சர்” என்றாள் தர்ஷிகா. “அப்புறம் படிச்சேன். படிக்கப் படிக்க அது போயிருச்சு.”

என்ன படித்தாய் என்று கேட்டேன். வரலாறு என்றாள். என்னுடைய பாடம்! தலைக்குள் நான் ஏற்றி வைத்த வருடங்கள் எல்லாம் நான்கு இலக்கம். இவளுடைய நம்பரும் நான்கு இலக்கம். அவை உள்ளே போக, இது வெளியே போயிருக்கிறது. சரி, ஒருவேளை அதில் ஒன்றாக இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தோம். போர்த்துக்கேயர் வந்த 1505. திறக்கவில்லை. ஒல்லாந்தர் 1658. இல்லை. கண்டி ராச்சியம் போன 1815. இல்லை. நாடு சுதந்திரம் பெற்ற 1948-க்கும் திறக்கவில்லை. அந்த வருடத்தில் எங்கள் சனத்துக்கு எந்தக் கதவு திறந்தது, இருந்த குடியுரிமைக் கதவும் அல்லவா சாத்தப்பட்டது... அது வேறு பத்தியில் எழுத வேண்டிய சங்கதி.

ஒரு ஏழு வரும் என்று மட்டும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னாள். எந்த இடத்தில் என்று தெரியவில்லை, கேட்கக் கேட்க அந்த ஏழும் நிச்சயமில்லை என்றாள்.

இப்போது நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது எனக்குக் கேட்கிறது. இதற்கு என்ன இவ்வளவு பாடு, பூட்டை வெட்டி எறிய வேண்டியதுதானே?

நானும் அதைத்தான் நினைத்தேன். கந்தப்பளை பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனுக்குப் போன் போட்டேன். கம்பி வெட்டுகிற கட்டர் தன்னிடம் இருக்கிறது, முச்சக்கர வண்டியில் கொடுத்து அனுப்புகிறேன், கூடவே அதே மாதிரிப் பூட்டு ஒன்றும் வைத்து விடுகிறேன், பிள்ளையின் பரீட்சைக்குத் தானே, அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்தது என்று சந்தோஷமாக அதிபரிடம் போனேன்.

அதிபர் முகம் வெளுத்துவிட்டது.

கெட்ட மனிதர் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளின் சப்பாத்து கிழிந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் வாங்கிக் கொடுக்கிற மனிதர். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. முன்பிருந்த பாடசாலையில் ஆறு கதிரை குறைந்ததற்கு ஒரு வருடம் முழுக்கக் காரியாலயத்துக்கு விளக்கம் எழுதியவர். அந்த ஆறு கதிரையும் அவருக்கு முன்னால் இருந்த அதிபர் காலத்திலேயே உடைந்து விறகாகப் போனவை. அன்றிலிருந்து இன்வென்ட்ரி புத்தகம் என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். அலுமாரி, கதவு, பூட்டு எல்லாம் தனித்தனியாக அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அரசாங்கச் சொத்து. சேதப்படுத்துவதென்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். அதே மாதிரி வேறு பூட்டைப் போட்டு வைத்தால் அது பொய்க் கணக்காம், இன்னும் பெரிய குற்றமாம்.

வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போன் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். நல்ல சிங்களத்தில், பணிவாக, பிள்ளை, பரீட்சை, திங்கட்கிழமை என்று எல்லாம் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது இரண்டே சொல். “லியுமக் எவன்ன.” கடிதம் அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை அனுப்பும் கடிதத்துக்குத் திங்கட்கிழமை எட்டரை மணிக்குள் பதில் வருமா? வராவிட்டால், அட்டை இரண்டும் இல்லாமல் மண்டப வாசலில் போய் நின்றால் விடுவார்களா? யாரும் விடுவார்கள் என்றும் சொல்லவில்லை, விடமாட்டார்கள் என்றும் சொல்லவில்லை. கேட்ட இடமெல்லாம் “பார்க்கலாம்” என்றார்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் இந்தப் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை வீடு கேட்டும், காணி கேட்டும், பாதை கேட்டும் பரம்பரையாகக் கேட்டு வருகிறார்கள்.

கவிஷாதான் வழி சொன்னாள். வெட்டுவதற்குத்தானே அனுமதி வேண்டும், திருப்பிப் பார்ப்பதற்கு வேண்டாமே? அதிபர் இன்வென்ட்ரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திருப்பலாம் என்றார். அப்படித்தான் ஒன்பது மணிக்கு 0000-இல் ஆரம்பித்தோம். நூறு எண்ணுக்கு ஒரு பிள்ளை என்று முறை. ஒருவர் திருப்ப, ஒருவர் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்ல, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து படிக்க முயற்சி செய்தார்கள். தர்ஷிகாவை நான் திருப்ப விடவில்லை. போய்ப் படி என்றேன்.

ஆயிரத்து இருநூறு தாண்டியபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லோரும் செவ்வாய்க்கிழமைதான் நம்பரை மாற்றினார்கள். எல்லோருக்கும் அதே இரண்டு நாள் மழைதான், அதே வரலாறுதான். மற்றப் பதின்மூன்று பேரும் எப்படி மறக்காமல் இருந்தார்கள்? கவிஷாவிடம் கேட்டேன்.

அவள் தினேஷைப் பார்த்தாள். தினேஷ் புத்தகத்தைப் பார்த்தான்.

“நீங்க ஏச மாட்டீங்கன்னா சொல்றேன் டீச்சர்” என்றாள். “நீங்க ஒப்பீசுக்குப் போனதும் நாங்க பழைய நம்பருக்கே மாத்திட்டோம். தர்ஷிகா மட்டும் மாட்டேன்னுட்டா. டீச்சர் சொன்னாங்கன்னா சொன்னதுதான்னு இருந்திட்டா.”

ஏசவில்லை.

யோசித்துப் பாருங்கள். பதின்மூன்று பிள்ளைகள் என் முகத்துக்கு முன்னால் தலையாட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் தங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்தார்கள். அவர்கள் கையில் அட்டை இருக்கிறது. ஒரு பிள்ளை நான் சொன்னதை ஒரு புள்ளி மாறாமல் செய்தாள். சம்பந்தமில்லாத நம்பர் போட்டாள், எழுதி வைக்கவில்லை, யாருக்கும் சொல்லவுமில்லை. அவள் மாட்டிக்கொண்டாள். பாடசாலையில் நாங்கள் உண்மையில் படிப்பித்துக் கொடுப்பது எதை? கீழ்ப்படிவதையா, கீழ்ப்படிவது மாதிரி நடிப்பதையா? இரண்டாவதில் எங்கள் வகுப்பு நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பதினொன்றரை மணிக்குத் தர்ஷிகாவின் அம்மா வந்தார்.

யாரோ மலைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கொழுந்துக் கூடையைக் கங்காணியிடம் விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது, காலில் அட்டைப்பூச்சி கடித்து இரத்தம் வழிந்திருந்தது. பாதியில் மலையிலிருந்து இறங்கினால் அன்றைக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம்தான், போடுவார்கள். லொக்கரைப் போய்ப் பார்த்தார். பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அதிபரிடம் வந்தார்.

“பூட்டு யாருது சேர்?”

அரசாங்கச் சாமான் என்றார் அதிபர்.

“உள்ள இருக்கிறது?”

“அது உங்க மகளுடையதுதான்மா.”

“அப்ப பூட்ட நீங்களே வச்சிக்கிங்க. உள்ள இருக்கிறத எங்கிட்ட குடுத்திருங்க.”

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுத்தில் அனுமதி, கடிதம், காரியாலயம் என்று மெதுவாக விளக்க ஆரம்பித்தார். அந்த அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு இதெல்லாம் புதிதல்ல. அடையாள அட்டைக்கு அலைந்த நாளெல்லாம் இதே விளக்கத்தை வேறு வேறு மேசைக்கு முன்னால் நின்று கேட்டவர்தான். முடியும் வரை கேட்டார். முடிந்ததும் அதிபரை ஒன்றும் செய்ய முடியாதல்லவா, மகள் பக்கம் திரும்பினார்.

அறைந்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால்.

“நாலே நாலு நம்பரு. இத ஞாபகம் வச்சிக்க ஏலாதவ பரீட்சையில எத எழுதப் போற?”

தர்ஷிகா அழவில்லை. கன்னத்தில் கையைக்கூட வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை, பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

நான் அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டும். என்ன பெரிய பேச்சு? “அம்மா, அடிக்காதீங்க. நம்பரை மாத்தச் சொன்னது நான். எழுதி வைக்க வேணாம்னு சொன்னதும் நான்.” அவ்வளவுதான். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் அமைச்சர்களைக் கேள்வி கேட்கிறேன், கம்பனிகளைக் கேள்வி கேட்கிறேன், நீங்களும் கடிதம் போட்டு ‘துணிச்சலான பேனா’ என்று பாராட்டுகிறீர்கள். அன்றைக்கு அந்தத் துணிச்சல் எங்கே போயிற்று? அதிபர் நிற்கிறார், பதினான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள், தொண்டை வரைக்கும் வந்தது... விழுங்கிவிட்டேன். பேசியதென்னவோ, “சரி சரி, விடுங்கம்மா, பிள்ளைக்குப் பரீட்சை” என்று மட்டும்தான். ஏதோ நான் நியாயம் தீர்க்க வந்தவள் மாதிரி. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

கவிஷா திரும்பிப் போய்ப் பூட்டைப் பிடித்தாள். எண்ணிக்கை சொல்லும் பிள்ளையின் குரல் மட்டும் கேட்டது. இரண்டாயிரத்து நானூறு. இரண்டாயிரத்து ஐந்நூறு. பின்னால் இருந்தவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். நூறு எண்ணுக்கு ஒருவர் என்பது ஐம்பதுக்கு ஒருவர் என்றானது, வேகம் கூடியது. அம்மா வாசல் படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிபர் ஒப்பீசுக்குள் போய்க் கடிதம் எழுதினார். அனுப்பினால் பதில் வராது என்று தெரிந்தும் எழுதினார், பாவம்.

ஒரு மணி பத்து இருக்கும். தினேஷின் கையில் பூட்டு திறந்தது.

3716.

பிள்ளைகள் கத்துவார்கள் என்று நினைத்தேன். இல்லை. எல்லோரும் தர்ஷிகாவைப் பார்த்தார்கள். அவள் கிட்டே வந்து அந்த நான்கு இலக்கத்தையும் பார்த்தாள். முன்னே பின்னே கண்டிராத ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அது யாருடைய வருடமும் இல்லை, யாருடைய நம்பரும் இல்லை. நான் கேட்டபடியே, யாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத நம்பர். அப்படி ஒரு நம்பரை யோசித்துக் கண்டுபிடிக்க அந்தப் பிள்ளை செவ்வாய்க்கிழமை எவ்வளவு பாடுபட்டிருப்பாள்!

அம்மா அட்டை இரண்டையும் வாங்கி, ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது என்னிடம் வந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

“நீங்க இல்லாட்டி என் பிள்ள பரீட்சை எழுதியிருக்க மாட்டா டீச்சர். காலையில இருந்து அவளுக்காக நிக்கிறீங்க. இந்த உதவிய நான் மறக்க மாட்டேன்.”

அப்போதாவது சொன்னேனா? இல்லை. நானும் கையைக் கூப்பினேன். “பரவாயில்லம்மா, எங்க கடமைதானே” என்றேன்! கடமையாம். நாக்கு அழுகிப் போகவில்லை.

அன்று பின்னேரமே அதிபர் பதினாறு பூட்டையும் கழற்றி, ஒரு பெட்டியில் போட்டு, எண்ணிச் சரிபார்த்து, ஒப்பீஸ் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். லொக்கர் இப்போது கதவு சும்மா சாத்தியபடி நிற்கிறது. ஒரு சாமானும் காணாமல் போகவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகள் உடப்புசல்லாவையிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் பரீட்சை மண்டபத்துக்கு வந்து இறங்கினார்கள். நானும் போயிருந்தேன். உள்ளே போகுமுன் டீச்சர்மாரின் காலைத் தொட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் வழக்கம். பதின்மூன்று பேர் கும்பிட்டார்கள், திருநீறு பூசி விட்டேன். பதினாலாவதாகத் தர்ஷிகா குனிந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினேன். கொஞ்சம் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்: அன்றைக்கு அம்மா அடித்தபோது, டீச்சர்தான் மாற்றச் சொன்னாங்க என்று ஏன் நீ சொல்லவில்லை?

என் மேல் இருக்கும் மரியாதையால் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். ஒளிப்பானேன், அப்படிச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுதான் கேட்டேன்.

“டீச்சர் மேல பழி போட்டா அம்மா இன்னும் ரெண்டு குடுத்திருப்பாங்க டீச்சர்” என்றாள். கோபமில்லை, குத்தலில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு, நேரமாகிறது என்று சொல்லிவிட்டு, அட்டை இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பரீட்சை முடிந்துவிட்டது. அவள் எல்லாப் பாடமும் எழுதினாள். பெறுபேறு வரும்போது வரும். அவர்கள் லயத்துக்கு எங்கள் பாடசாலையிலிருந்து நடந்தே போகலாம், கால் மணி நேரம்கூட ஆகாது. இந்த மூன்று வாரத்தில் இரண்டு தடவை பாதி வழி வரை போனேன். ஒரு தடவை மழை என்று திரும்பினேன். மறு தடவை மழையும் இல்லை.

அந்த அம்மா பேப்பர் வாசிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.